மேலக்கானலில் மூன்று நாள்

"எந்த ஊருக்குப் போகட்டும், மேடம்?"

சுடர்க்கொடி கேட்டாள். கடைசிப் பரீட்சை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. வேலூரில் அக்னி நட்சத்திரம். புள்ளியியல் துறையில் பேராசிரியை நசீமா பானுவைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

அவள் மேசைமேல் ஒரு தாளை வைத்தாள். பதினான்கு ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கோடையில் எவ்வளவு சுடும், மார்கழியில் எவ்வளவு குளிரும், ஒற்றை அறைக்கு வாடகை என்ன என்று எழுதியிருந்தாள்.

"வேலை?"

"கிடைச்சிடுச்சு மேடம். லேப்டாப்பும் நெட்டும் இருந்தா எங்கிருந்து வேணா செய்யலாம். சம்பளம்தான் கொஞ்சம். அதனால வாடகை கம்மியா இருக்கணும். வெயில் ஆகாது. ரொம்பக் குளிரும் ஆகாது."

"யாரோட?"

"தனியாத்தான். தகர ஷீட் வீட்டுக்குள்ள ஆறு பேரோட இருபத்திரெண்டு வருஷம் வெந்துட்டேன் மேடம்."

கரண்ட் போனது. மின்விசிறி நின்றது.

நசீமா பானு அந்தத் தாளை எடுத்தார். இரண்டாக மடித்தார். விசிறிக்கொண்டார்.

"மேடம், அது..."

"நல்லாக் காத்து வருது."

அவர் அப்படித்தான். வகுப்பில் ஒன்று கேட்டால், பதில் இரண்டு வாரம் கழித்து வேறொரு கணக்கின் நடுவில் வரும். பாதிப் பேர் அவருக்குப் பயந்து பின்பெஞ்சுக்குப் போனார்கள். சுடர்க்கொடி மூன்று வருஷமும் முன்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

விசிறி முடித்ததும் தாளின் பின்பக்கத்தில் ஒரு பெயரை எழுதினார். மேலக்கானல்.

"இது லிஸ்ட்ல இல்லையே மேடம்."

"இல்ல. நான் ஒரு தடவை போயிருக்கேன். நீ கேக்கிற குளுமையும் அங்க இருக்கு, நீ கேக்கிற வாடகையும் இருக்கு. மூணு நாள் இருந்துட்டு வா."

"மூணு நாள் என்ன பண்றது?"

"பாக்கிறவங்ககிட்ட எல்லாம் ஒரே கேள்வி கேளு. ஏன் இங்க வந்தீங்கன்னு."

"அவ்வளவுதானா?"

அவர் விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த ஆரம்பித்திருந்தார்.

*

இருபதாவது கொண்டை ஊசி வளைவில் வெயில் அவளை விட்டது. சட்டென்று விட்டது. பஸ்ஸில் மற்றவர்கள் எல்லாரும் அதற்கு முன்பே இறங்கியிருந்தார்கள்.

மேலக்கானலில் ஒரே தெரு. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வரிசையாக ஓட்டு வீடுகள். எப்போதோ எஸ்டேட் குமாஸ்தாக்களுக்குக் கட்டியவை. தெரு முனையில் மளிகைக்கடை. கடைக்காரர் இன்பநாதன்தான் அத்தனை வீட்டுக்கும் சொந்தக்காரர்.

மூன்று நாளைக்கு ஒரு சாவி கொடுத்தார்.

"அட்வான்ஸ் எவ்வளவுங்க?"

"வேண்டாம். பிடிச்சா தங்குங்க. பிடிக்கலன்னு போனவங்க இதுவரைக்கும் யாரும் இல்ல."

சொன்ன வாடகையைக் கேட்டு அவள் இன்னொரு முறை கேட்டாள். அதேதான்.

மத்தியானமும் காலை மாதிரியே இருந்தது. சாயங்காலமும் மத்தியானம் மாதிரியே இருந்தது. மின்விசிறி இல்லாமல், மெல்லிய போர்வையோடு படுத்தாள். பிறந்ததிலிருந்து இப்படித் தூங்கியதில்லை என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் அழுகை வந்தது.

மறுநாள் காலை முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் கதவைப் பாதி திறந்தார்.

"சார், நீங்க ஏன் இந்த ஊருக்கு வந்தீங்க?"

"வெயில் கிடையாது. வாடகை கம்மி."

கதவு மூடியது. அறைந்து மூடவில்லை, மெல்ல மூடியது.

இரண்டாவது வீட்டில் நரைத்த பின்னலோடு ஓர் அம்மாள். "வெயில் கிடையாது. வாடகை கம்மி."

மூன்றாவது வீட்டில் அவள் வயதுப் பையன். காதில் ஹெட்போன். அதைக் கழற்றாமலே சொன்னான். "வெயில் கிடையாது. வாடகை கம்மி."

ஐந்தாவது வீட்டில் அவளுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. யாரும் வாடகையை முதலில் சொல்லவில்லை. யாரும் ஒரு வார்த்தையைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நீ யார், எந்த ஊர், எதற்குக் கேட்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தெருவில் நாய் இல்லை. தாளிக்கிற வாசனை எங்கேயும் வரவில்லை. எல்லாரும் தனித்தனி ஆட்கள். ஒரு வீட்டிலும் இரண்டாவது ஜோடிச் செருப்பு இல்லை.

சத்தம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. பதினொன்றாம் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் பழுப்புச் சால்வை போர்த்திய ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டினாள். வரவில்லை. ஜன்னலுக்கு நேரே வந்து உரக்கக் கேட்டாள்.

"ஐயா, நீங்க ஏன் இங்க வந்தீங்க?"

அவர் திரும்பவில்லை.

பெரிய மனுஷர், பேச விருப்பமில்லை போல என்று நினைத்தாள். ஒரு வணக்கம் வைத்தாள். நோட்டில் எழுதினாள்: '11. பதில் இல்லை.'

சாயங்காலம் அந்த வழியே திரும்பியபோதும் ஒரு வணக்கம் வைத்தாள். அவர் பார்த்த மாதிரிதான் இருந்தது.

நேராகக் கடைக்குப் போனாள்.

"எனக்குப் பிடிச்சிருக்குங்க. இந்த ஊர்லயே தங்கிக்கிறேன்."

இன்பநாதன் தலையாட்டினார்.

"பள்ளத்தாக்கு நல்லாத் தெரியிற வீடு ஏதாவது இருக்கா?"

"அது பதினொண்ணு. இப்ப ஆள் இருக்கு."

"எப்பக் காலியாகும்?"

"காலியானா சொல்றேன்."

*

மூன்றாம் நாள் காலை மூடுபனி. பதினொன்றாம் வீடு உள்ளே எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டுக் கிட்டே போனாள். கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

ரேடியோ, நேரம் எட்டு மணி என்றது.

அவருடைய திறந்த கண்ணின்மேல் ஒரு சின்னப் பூச்சி உட்கார்ந்திருந்தது. கண் இமைக்கவில்லை. பூச்சி மெல்ல நடந்து இமை ஓரம் வரை போயிற்று, திரும்பி வந்தது.

தெரு முனை வரை ஓடினாள்.

இன்பநாதன் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து கனத்த காற்று வந்தது. பக்கத்து டம்ளரில் டீ காய்ந்து தோலாகியிருந்தது. இன்பநாதன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு போய் முதலில் ரேடியோவை நிறுத்தினார். நிறுத்தாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு அமைதி.

"எத்தனை நாளா இப்படி..."

"ஒரு வாரத்துக்குக் குறையாது."

"ஒரு வாரமா யாருமே பாக்கலையா?"

"எல்லாரும் பாத்திருப்பாங்கம்மா. ஜன்னல்லதானே உக்காந்திருந்தார்."

அவர் குரலில் குற்றவுணர்வு எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்.

"வாடகை பேங்க்ல தானா வந்துடுது. ரேடியோவும் பாடிட்டிருந்தது. வெயில் ஊரா இருந்தா மறுநாளே தெரிஞ்சிருக்கும்."

"அவர் பேரு என்னங்க?"

இன்பநாதன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"பதினொண்ணு," என்றார்.

சமையலறை ஆணியில் கேஸ் சிலிண்டர் புத்தகம் தொங்கியது. அதில் இருந்தது. பி. ஞானசிகாமணி.

கீழேயிருந்து போலீஸ் வந்தது. உடலை எடுத்துப் போனார்கள். அறுத்துப் பார்த்தார்கள், இயற்கைச் சாவு என்றார்கள். தேடியதில் சொந்தம் என்று யாரும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து உடலைத் திருப்பிக் கொண்டுவந்து இன்பநாதனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"சுடுகாடு மேட்டுல இருக்கு. வண்டி போகாது. தூக்க நாலு பேர் வேணும்," என்றார் இன்பநாதன். "இந்தத் தெருவுல இதுவரைக்கும் யாரையும் தூக்கினதில்ல."

மத்தியான பஸ் வந்து நின்றது. சுடர்க்கொடியின் பை கையிலேயே இருந்தது. மூன்று நாள் முடிந்து இரண்டு நாள் கூடுதலாகவும் ஆகிவிட்டது. அம்மா போனில் அழுதுகொண்டிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார்.

அவள் பையைக் கடை வாசலில் வைத்தாள். பஸ் போய்விட்டது.

முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். பாதி திறந்தது.

"பதினொண்ணாம் வீட்டுக்காரர் இறந்துட்டார் சார். தூக்க ஆள் வேணும்."

"எனக்கு அவரைத் தெரியாதேம்மா."

"எனக்கும் தெரியாது."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். மூடவில்லை, திறக்கவும் இல்லை.

"அவர் பேரு என்ன?"

அந்த ஊரில் ஒருவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஞானசிகாமணி."

"என் பேரு தணிகாசலம்," என்றார். குனிந்து செருப்பைத் தேடினார்.

நரைத்த பின்னல் அம்மாள், "பொம்பளை தூக்கலாமா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். லூர்துமேரி. ஹெட்போன் பையன் கண் சிவந்து வந்தான். தினமும் அந்த ரேடியோவைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தானாம். தேவதாஸ். நாலாவது ஆளாக இன்பநாதன் கடையைச் சாத்தினார்.

மேட்டில் பாதி தூரம் ஏறியதும் லூர்துமேரிக்கு மூச்சு வாங்கியது. அந்த மூலையைச் சுடர்க்கொடி வாங்கிக்கொண்டாள். கனம் தோளில் இறங்கியது. ஐந்து பேருக்கும் வியர்த்துக் கொட்டியது.

*

எட்டாம் நாள் நசீமா பானுவின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். இரண்டாவது மாடி. வேலூர் கொதித்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டைக் கொடுத்தாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரே பதில் பத்து முறை. அதன் கீழே, '11. பதில் இல்லை.'

"நானும் ரெண்டு வணக்கம் வெச்சிட்டுத்தான் போனேன் மேடம். அந்த வீடு எப்பக் காலியாகும்னு கேட்டேன்."

நசீமா பானு நோட்டை மூடினார். தண்ணீர் கொடுத்தார்.

"எந்த ஊர்?"

"மேலக்கானல்தான் மேடம். பதினொண்ணாம் வீடு. திங்கக்கிழமை போறேன். தணிகாசலம் சாருக்கு சுகர் மாத்திரை வாங்கிட்டுப் போகணும்."

"பயமா இல்ல?"

"இருக்கு."

சுடர்க்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மேடம், உங்க எதிர் வீட்ல யார் இருக்காங்க?"

நசீமா பானு வாசல் பக்கம் பார்த்தார். ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறார், எதிரே யாரென்று தெரியாது.

எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். சுடர்க்கொடியும் பின்னால் வந்தாள். எதிர்க் கதவு சாத்தியிருந்தது. வாசலில் மூன்று நாள் பேப்பர் எடுக்காமல் கிடந்தது.

தட்டினார்.

ஒன்றும் இல்லை.

மறுபடி தட்டினார்.

மூன்றாம் முறை உள்ளங்கையால் தட்டினார். உள்ளே எதுவோ நகர்ந்தது. வெகுநாள் பேசாத தொண்டை ஒன்று கனைத்தது.

"யாரு?"

பேராசிரியை நெற்றியைக் கதவோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"எதிர் வீடு," என்றார்.