தூசி படாத ஆள்

பஞ்சாலையில் வேலை பார்ப்பவர்கள் ஏன் இப்படி இருமுகிறார்கள் என்று ஆராய டாக்டர் ஹெலன் வந்திருந்தார். தூசி அளக்கும் சின்னக் கருவியை ஒருவர் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஷிப்டு முடியும்வரை உள்ளே நிற்க வேண்டும்.

முதலாளி வரதராஜுலுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழிவுப் பஞ்சு கூட்டும் குருவம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

“கருவியில தூசி காட்டக் கூடாது. தூசியே படாத ஆளாப் பார்த்துக் கூட்டிட்டு வா. இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே.”

குருவம்மா ஆலை முழுக்க ஓடினாள். எல்லார் தலையும் பஞ்சுத் தூசியில் வெள்ளையாக இருந்தது. மூச்சிரைக்க ஓடிவந்து, டாக்டர் முன்னாலேயே முதலாளியிடம் சொன்னாள்.

“தேடிட்டேன் முதலாளி. தூசி படாத ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

டாக்டர் கருவியை அவரிடம் நீட்டினார். மறுத்தால் மானம் போய்விடும். மாட்டிக்கொண்டு, பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறுகிற ‘புளோரூம்’ கூடத்துக்குள் விறைப்பாக நடந்தார். கொஞ்ச நேரம்தான். மீசையெல்லாம் பஞ்சு ஒட்ட, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்.

“வேற ஆளைக் கூட்டிட்டு வா” என்றார், இருமலுக்கு நடுவே.

குருவம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க சொன்ன மாதிரி ஆளு இனி யாருமே மிச்சமில்லையே, முதலாளி.”