மணி கொடுத்த சுரம்

கடலோர மாதா கோயில் மணி மேற்கத்திய ஸி சுரத்தில் ஒலிக்கும். அது அடித்தால் வலையில் கிடக்கும் மீனும் சுருதி சேர்க்கும். போன திருவிழாவில் வாணவெடி கூட்டத்துக்குள் சாய்ந்ததில் கோயில் ஆர்கன் வாசிக்கும் சூசையாவுக்கு, பாடகர் குழுவில் பாடிய மனைவி ரெஜினாவும் போனாள், இடது கையும் போனது. அவளுடைய நினைவுப் பூசைக்குத் தானே ஆர்கன் வாசிக்கவேண்டும் என்று பாடகர் குழுத் தலைவர் இஞ்ஞாசியிடம் கேட்டான்.

“அப்ப ஸி மேஜர் தர்ட்டீன்த் வாசிச்சுக் காட்டுடே. ஸியில தொடங்கி ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒண்ணுவிட்டு ஒண்ணா பதிமூணு வரைக்கும் ஏழு சுரம், ஒரே நேரத்துல. அஞ்சு விரலை வச்சு என்ன செய்வே?”

“பகல் பன்னிரண்டுக்கு வாசிக்கேன், சார்.”

பன்னிரண்டுக்கு மணி அடித்தது. அந்த ஸி ஒலிக்கும்போதே சூசையா ஆர்கனில் ஐந்து விரலையும் வைத்தான். கோயில் நிறைந்தது. இஞ்ஞாசி கண்ணை மூடித் தலையாட்டினார்.

“ஏழும் சுத்தமா கேக்குடே. எப்படி?”

“ஆறுதான், சார். ஒண்ணை மணி கொடுத்துச்சு. பதினொண்ணாவது மூணாவதோட உரசும். விவரம் தெரிஞ்சவங்க விட்டுருவாங்க. உங்க காதும் தேடலையே.”

குழுவே சிரித்தது. இஞ்ஞாசி ஆர்கன் சாவியை நீட்டினார்.

பூசையில் சூசையா ரெஜினாவின் பாட்டை வாசித்தான். அவள் குரல் ஏறி நிற்கும் உச்சியில் மட்டும் விரலை எடுத்துவிட்டான். எந்தச் சுரம் இல்லை என்று அன்று இஞ்ஞாசிக்கும் கேட்டது.