பிள்ளையின் நிகர எடை

“சாக்குக்கு நாலு பலம் கழிங்க,” என்றான் குருசாமி.

தராசுத் தட்டில் கிடந்தது மிளகாய் மூட்டை அல்ல. இருளப்பனின் மூன்று மாத மகள். உடம்பில் ஒரு நூல்கூட இல்லை.

“சாக்கு எங்கே இருக்கு, மச்சான்?”

“தோல் இருக்குல்ல மாப்ளே. உள்ளே இருக்கிறதுதானே சரக்கு.”

மச்சினன்மார் குருசாமி, வைரவன் இரண்டு பேரோடு மிளகாய்க் கடையில் இருந்துகொண்டு, இருபது வருஷமாக எடை போடுகிற இருளப்பனுக்கு இது நியாயமாகவே பட்டது. ஜில்லா போர்டு அனுப்பிய ஹெல்த் விசிட்டர் கிருபையம்மாள் போன வாரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “பிள்ளை மெலிஞ்சிருக்கு. நான் திரும்பி வரும்போது மூணே முக்கால் வீசை இருக்கணும். குறைஞ்சா தாயும் பிள்ளையும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். அதுவரைக்கும் கடையிலே எப்படி எடை போடுவீங்களோ அப்படியே போட்டுப் பாருங்க.”

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்களை மட்டும்தான் இருளப்பனுக்குத் தெரியும்.

நாலு வீசைக் கல்லுக்கு முள் நேராக நின்றது. சாக்குக்கு நாலு பலம் போயிற்று. பிள்ளை தட்டை நனைத்தது, ஈரத்துக்கு நாலு. மிளகாய் நெடியில் தும்மியது.

“இதை எதிலே சேர்க்க?” என்றான் இளையவன் வைரவன்.

“தூசிக் கழிவு. நாலு,” என்றான் குருசாமி.

“காம்பு?”

“தொப்புள்கொடி விழுந்து ரெண்டரை மாசமாச்சு. காம்புக்குக் கழிச்சா அநியாயம்,” என்றான் இருளப்பன். பெற்றவன் என்று அவன் எடுத்துக்கொண்ட சலுகை அது ஒன்றுதான்.

வீசைக்கு நாற்பது பலம். கழித்துப் பார்த்தால் மூணே முக்கால் வீசைக்கு ரெண்டு பலம் குறைந்தது.

“தண்ணி தெளிப்பமா, அத்தான்?”

“தெளிச்சா ஈரக் கழிவு கூடும்டா.”

வீட்டில் பிள்ளையைக் காணாமல் கிருபையம்மாள் கடைக்கே வந்துவிட்டார். தம் கொக்கித் தராசில் துணித் தூளியை மாட்டி, பிள்ளையைக் கிடத்தித் தூக்கினார்.

“நாலு வீசை. ஆஸ்பத்திரி வேண்டாம்.”

வாயை மூடிக்கொண்டு நின்றால் பிள்ளை வீட்டில் இருக்கும் என்பது இருளப்பனுக்கும் புரிந்தது. ஆனால் தப்பான எடையைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு அவன் வாய் பழகவில்லை.

“கழிவைக் கழிக்கலைம்மா. பன்னிரண்டு பலம்,” என்றான். கண்ணில் நீர் முட்டியது.

அம்மாள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “கழிச்சதை என்ன பண்ணுவீங்க?”

“கடைக்கு எடுத்துக்கிடுவோம்.”

“பிள்ளைகிட்டேயிருந்து எதை எடுத்தீங்க?”

மூவரும் குனிந்து தேடினார்கள். வைரவன் பிள்ளையின் விரல்களை எண்ணினான். குருசாமி காதுகளைச் சரிபார்த்தான்.

“ஒண்ணும் எடுக்கலைம்மா,” என்றான் இருளப்பன், திருட்டை ஒப்புக்கொள்கிறவன் போல.

“அப்ப நாலு வீசைதான்.” அம்மாள் நோட்டைப் பிரித்து எழுதத் தொடங்கினார்.

குருசாமி மைச்சட்டியில் குச்சியை முக்கி எடுத்து, எடை முடிந்த மூட்டைக்குப் போடுவதுபோலப் பிள்ளையின் முதுகில் கடைக்குறி போட்டான். மை வழியாமலிருக்க இருளப்பன் பிள்ளையை வாகாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.