நாலு கட்டை

சோழமண்டலக் கரையில் துறைமுகம் கட்டாத காலம். கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த படகில் ஏறி, அலையைத் தாண்டித்தான் ஆட்கள் கரைக்கு வர வேண்டும். படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்கப் பின்னாலேயே ஒரு கட்டுமரம் போகும். ஒன்றே ஒன்று. இன்னொன்று கேட்டால் கப்பல்காரர்கள் பார்க்கலாம் என்பார்கள். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும்.

கட்டுமரத்தில் இரண்டு பேர். முன்னால் இருப்பவன் துடுப்பை எந்தப் பக்கம் நீட்டுகிறானோ அந்தப் பக்கம் பின்னால் இருப்பவன் தள்ளுவான். ஏன் என்று கேட்கக் கூடாது.

பின்னால் இருந்தவன் மாசிலாமணி. ஆள் தூக்கும் வேலைக்கு அந்தக் கரையில் அவன்தான் வாத்தியார். முன்னால் தேசப்பன், வாத்தியாரைவிடப் பத்து வயது மூத்த சீடன். கத்துகிறவனுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது, சத்தம் போடாதவனிடம் முதலில் போ என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தான்.

அன்று காலை படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் படகைப் பிடித்துத் தொங்கினார்கள். இரண்டு பேரை மட்டும் அலை பிரித்துக்கொண்டு போனது. தெற்கே, கப்பலில் வந்த ஒரு பெண்; சத்தமே இல்லை. வடக்கே, படகில் துடுப்புப் போட்ட கன்னியப்பன், தேசப்பனின் கூடப் பிறந்த தம்பி. அண்ணா, அண்ணா என்று கத்தினான்.

தேசப்பன் துடுப்பைத் தெற்கே நீட்டினான்.

பெண்ணைத் தூக்கியபோது உயிர் இல்லை. திரும்பிப் பார்த்தபோது வடக்கே சத்தமும் இல்லை.

மத்தியானம் தம்பியின் உடல் கரை ஒதுங்கியது. சாயங்காலம் அடக்கம் முடித்து, குளித்த ஈரத்தோடு தேசப்பன் கடற்கரைக்கு வந்தான். மாசிலாமணி கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்தால் கட்டைகளைப் பிரித்துக் காயப் போடுவது வழக்கம்.

"வாத்தியாரே, நீ சொன்னதைத்தான் செஞ்சேன். அவன் கூப்பிட்டது இன்னும் காதுல கேக்குது. நான் எந்தப் பக்கம் நீட்டியிருக்கணும்?"

மாசிலாமணி நாலு கட்டைகளில் இரண்டை வடக்கே இழுத்துப் போட்டான். மற்ற இரண்டைத் தெற்கே போட்டான்.

"அது உனக்கு, இது எனக்கு. ஏறுண்ணே."

தேசப்பன் கட்டையைக் காலால் உதைத்தான். "ரெண்டு கட்டையில எப்படி அலையத் தாண்டறது? புரட்டிடும்."

மாசிலாமணி மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆமாண்ணே, புரட்டிடும். நானும் ஒருத்தன் கத்தக் கத்த விட்டுட்டு வந்தவன்தான். பதினோரு வருஷமா தினம் அவுக்கறப்ப இப்படித்தான் பிரிச்சுப் போட்டுப் பாக்கறேன்."