அங்காயி போட்ட கோரைப் படுகை

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரி இருந்தாளாம். அவ பேரு அங்காயி. தனிக்கட்டை. நாப்பது வாத்துதான் அவளுக்கு எல்லாம். காலைல "குவாக் குவாக்"னு அதுங்க முன்னால போகும், இவ கம்போட பின்னால போவா. ம் சொல்லு... ஆங்.

வாத்துங்க நீந்துற ஊர்க் குட்டையில தெருச் சாக்கடை பூரா வந்து கலந்துச்சு. தண்ணி கறுத்துப்போச்சு, குப்புனு நாத்தம். அப்புறம் ஒரு வாத்து கழுத்து தொங்கிச் செத்துச்சு. மறுநாள் ரெண்டு. அப்படியே நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

"வேற ஊருக்கு ஓட்டிட்டுப் போயிடு அங்காயி"ன்னாங்க ஊர்க்காரங்க.

"எந்த ஊர்ல சாக்கடை இல்ல?"ன்னா அவ.

அப்போ ஒருநாள் பாக்குறா, வாய்க்கால்ல கோரை மண்டுன எடத்தைத் தாண்டி வர்ற தண்ணி மட்டும் தெளிஞ்சு வருது. அட!

உடனே சாக்கடை வந்து விழுற எடத்துல சதக் சதக்குனு பள்ளம் வெட்டி, கோரையை நட்டா. சேறு வந்து செடியை மூடிடுச்சு.

அப்புறம் கொத்தனார் மாரப்பன் வந்தான். "அக்கா, பள்ளத்துக்கு முன்னால சேறு தங்க ஒரு தொட்டி வேணும்"னு கட்டிக் குடுத்தான். சேறு தொட்டியிலயே தங்கிச்சு. மறுபடி நட்டா. அப்போ மழை வந்துச்சு பாரு, சோன்னு! செடி அத்தனையும் அடிச்சுக்கிட்டுப் போச்சு. அங்காயி அங்கயே உக்காந்து அழுதா.

தூங்கிட்டியா? ம்... சரி.

கடைசி வீட்டுப் பூவாத்தா அதைப் பாத்தா. அங்காயி வாத்து தன் கீரைப்பாத்தியை மேஞ்சிடுச்சுன்னு ரெண்டு வருசமா அவகிட்ட பேசாதவ. ஒரு கூடை ஜல்லியைத் தூக்கிட்டு வந்து கொடகொடன்னு பள்ளத்துல கொட்டுனா.

"வேரு பிடிக்கக் கல்லு வேணாமா?"ன்னா.

அப்புறம் தெருவே கூடையோட வந்துச்சு. ஜல்லி, மேல மணல், அதுல கோரையும் கல்வாழையும். மழைத்தண்ணி ஒதுங்கிப் போகப் பக்கத்துல ஒரு வாய்க்கா.

மூணு மாசம் ஆச்சு. கல்வாழை செவேல்னு பூத்துச்சு. படுகையைத் தாண்டி அந்தப் பக்கம் தண்ணி நாத்தமில்லாம சலசலன்னு வருது. நாம குடிக்கிற தண்ணி இல்ல கண்ணு, வாத்து நீந்துற தண்ணி. மிச்சமிருந்த பதினேழும் தொபுக் தொபுக்னு குதிச்சுது!

அங்காயி முட்டையை மடியில கட்டிக்கிட்டு வீடு வீடாப் போய்க் குடுத்தா. பூவாத்தா வாசல்ல மட்டும் படி ஏறல. ரெண்டு முட்டையை நீட்டிக்கிட்டு அப்படியே நின்னா.

பூவாத்தா வாங்கிக்கிட்டு, "உள்ள வா. முட்டை தோசை ஊத்துறேன், சேந்து சாப்பிடலாம்"னா.

அவ்ளோதான் சாமி. கதை கரை ஏறிடுச்சு, நீ கண்ணை மூடித் தூங்கு.