மூன்றாய்ப் பிரியாத கோணம்

ஆண்கள் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்த முதன்முதலாக ஒரு பெண் விண்ணப்பித்திருந்தாள். பெயர் தையல்நாயகி. அவளை எப்படியாவது விரட்டிவிட நினைத்த துறைத்தலைவர் சபேசன், நேர்காணலில் கரும்பலகையைக் காட்டினார்.

"குறியில்லாத அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து, எந்தக் கோணத்தையும் மூன்று சமபாகமாக்கிக் காட்டும்மா. வேலை உனக்குத்தான்."

"ஐயா செய்திருக்கிறீர்களா?"

"அதெல்லாம் மாணவனாக இருந்தபோதே செய்தாச்சு" என்று பக்கத்தில் அமர்ந்திருந்த கல்லூரி முதல்வரைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பிப் போக அவள் வரவில்லை. நிதானமாகப் பலகை நிறைய எழுதினாள்.

"அப்படியொரு வழி யாருக்கும் கிடையாது என்பதற்கு இது நிரூபணம். தவறிருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் ஐயா செய்ததைப் பக்கத்திலேயே வரைந்து காட்டுங்கள்" என்று சாக்பீஸை நீட்டினாள்.

சபேசன் அதை வாங்கவில்லை.

முதல்வர்தான் பேசினார்: "திங்கட்கிழமையே வகுப்புக்கு வந்துவிடுங்கள் அம்மா."