எட்டு பேருக்கும் ரோட்டுப் பக்கம்

எங்க வாத்தியாருக்கு என்னைவிட பதினாறு வயசு கம்மி. பேரு நூருல்லா, அயனாவரத்துல வீட்டு புரோக்கர். அவர் என்னை அக்காம்பாரு, நான் அவர வாத்தியாரேம்பேன். கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொன்னதா சரித்திரமே கிடையாது.

போஸ்டாபீஸ் வேலைய விட்டப்ப கைக்கு வந்த மொத்தத்தையும் போட்டு, அவர் பேச்ச நம்பித்தான் இந்த பழைய ஃபிளாட்ட வாங்கினேன். "டைல்ஸ பாக்காதீங்கக்கா, மண்ணுல பங்கு எவ்வளவுன்னு பாருங்க"ன்னாரு. மொத்தம் எட்டு வீடு. பக்கத்துல மெட்ரோ வருது. பழச இடிச்சுட்டு புதுசா கட்டித்தர ஒரு பில்டரும் வந்தாச்சு. எட்டு பேரும் கையெழுத்து போடணும். ஏழு பேர் போட்டாச்சு. கீழ் வீட்டு சுந்தரமூர்த்தி மட்டும் போடல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் பாப்பேன், அப்புறம் வேற எடத்துக்குப் போயிடுவேன்னு பில்டர் சொல்லிட்டாரு.

ஞாயித்துக்கிழமை காலைல வாத்தியார டீக்கடைல புடிச்சேன்.

"அந்தாள கையெழுத்து போட வைக்க என்ன வழி?"

"ஏன் போட மாட்டேங்கறாரு?"

"ரோட்டுப் பக்கத்து வீடு அவருக்குத்தான் வேணுமாம். நான் தரைல இருக்கேன், நீங்கல்லாம் என் தலைக்கு மேல காத்துல இருக்கீங்க, மண்ணு என்னுதுங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காத்துல இருக்கறவ துப்பினா எங்க விழும்னு தெரியுமான்னு கேட்டேன்."

"பேச்சுவார்த்தை நல்லா நடந்திருக்கு"ன்னாரு. கடைக்காரர் பலகைல பஜ்ஜி விலை எழுதற சாக்பீஸ கேட்டு வாங்கிக்கிட்டு எந்திரிச்சாரு.

எங்க காம்பவுண்டுக்குள்ள வந்ததும் அத என் கைல குடுத்தாரு.

"உங்க பங்கு எவ்வளவுக்கா?"

"நானூத்தி இருவது சதுர அடி. நீங்கதான வாங்கிக் குடுத்தீங்க."

"அது எங்க இருக்கு? கோடு போட்டுக் காட்டுங்க."

"எனக்கு நாப்பத்தொன்பது வயசு. பாண்டி ஆடச் சொல்றீங்களா?"

"போடுங்கக்கா."

கேட்டை ஒட்டி, ரோட்டப் பாத்து பெருசா ஒரு கட்டம் போட்டேன்.

சுந்தரமூர்த்தி லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வெளிய வந்தாரு. "அது என் எடம்மா."

"ஏன், காத்துல இருக்கறவ கால் தரைல படக் கூடாதா சார்?"

வாத்தியார் என் கைலேந்து சாக்பீஸ வாங்கினாரு. அத சுந்தரமூர்த்திகிட்ட நீட்டினாரு. மனுஷன் என் கட்டத்து மேலயே தன் கட்டத்தப் போட்டாரு.

மாடிலேந்து பிலோமினா டீச்சர் எட்டிப் பாத்துட்டு இறங்கி வந்தாங்க. "ரெண்டு பேரும் தள்ளுங்க. ரோட்டுப் பக்கம் எனக்குத்தான்னு பில்டர்கிட்ட எழுதியே குடுத்துட்டேன்."

"எப்ப எழுதிக் குடுத்தீங்க?"

"கையெழுத்து போட்டப்பதான். யாருக்கும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

நானும் அதேதான் எழுதிக் குடுத்திருந்தேன். அதே மாதிரிதான் கேட்டுக்கிட்டேன்.

சத்தம் கேட்டு மத்தவங்களும் வந்தாங்க. விசாரிச்சா, கையெழுத்து போட்ட ஏழு பேருமே ரகசியமா அதையேதான் எழுதிக் குடுத்திருந்தோம். அர மணி நேரத்துல எட்டு கட்டம். எட்டும் கேட்டை ஒட்டி, ஒண்ணு மேல ஒண்ணு. பின்பக்கம், சாக்கடைத் தொட்டி இருக்கற எடத்துல, ஒரு கோடு கூட இல்ல.

சுந்தரமூர்த்தி இடுப்புல கைய வச்சுக்கிட்டு எங்க எல்லாரையும் ஒரு சுத்து பாத்தாரு. "ஏழு பேரும் இதையேதான் கேட்டிருக்கீங்க. வாய்விட்டுக் கேட்டதுக்கு நான் மட்டும் வில்லன்."

நான் வாத்தியார் பக்கம் திரும்பினேன். "வாத்தியாரே, யார் கட்டம் சரி?"

"எல்லாமே சரிதான். பிரிபடாத பங்குன்னுதான பத்திரத்துல போட்டிருக்கு. நீங்க நிக்கற மண்ணுல எட்டுல ஒண்ணு சாரோடது. சார் கிச்சனுக்கு அடியில எட்டுல ஒண்ணு உங்களுது."

"சாக்கடைத் தொட்டி?"

"அதுலயும் எல்லாருக்கும் பங்கு உண்டு."

"என்னோடத சாருக்கே குடுத்துடுங்க."

சுந்தரமூர்த்திக்கே சிரிப்பு வந்துடுச்சு. "இருவத்திரண்டு வருஷமா என் வாசல்னு நெனச்சு உங்க மண்ணையெல்லாம் கூட்டியிருக்கேன். அதுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லும்மா."

"சொல்றேன். கையெழுத்து போடுங்க."

வாத்தியார் சொன்னாரு: "புதுசுல ரோட்டுப் பக்கம் நாலு, பின்பக்கம் நாலு. ஏழு பேரும் எழுதிக் குடுத்தத அடிச்சுடுங்க. கட்டி முடிச்சப்புறம் சீட்டுக் குலுக்கிப் போடலாம். அவங்கவங்களுக்கு வர்றது அவங்கவங்களுக்கு."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்னா நான் ரெடி"ன்னு சுந்தரமூர்த்தி பேனா எடுத்துட்டு வந்தாரு. டீச்சர் தலையாட்டினாங்க. மத்தவங்களும் ஆட்டினாங்க.

"முடியாது"ன்னேன்.

எட்டு பேர்ல இப்ப ஒத்துக்காத ஆள் நான் ஒருத்திதான். எல்லாரும் என்னையே பாத்தாங்க.

"கட்டி முடிச்சு, குலுக்கி, எனக்கு சாக்கடைப் பக்கம் வந்துட்டா? என் மொத்த காசும் இதுலதான் இருக்கு வாத்தியாரே. அப்புறம் டீக்கடைக்கு வந்து உங்களத்தான் குலுக்குவேன்."

"வரலாம்கா. யாருக்கு வேணா வரலாம்."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"இன்னும் ஒரு செங்கல் கூட வைக்கலையேக்கா. யாருக்கு வந்தாலும் வருத்தப்படாத மாதிரி பின்பக்கத்த எப்படிக் கட்டணும்னு எட்டு பேரும் உக்காந்து பில்டருக்கு எழுதிக் குடுங்க."

சுந்தரமூர்த்தி பேனாவ என் பக்கம் நீட்டினாரு. வாங்கிக்கிட்டேன். எட்டு பேரும் மொதல் தடவையா திரும்பி பின்பக்கத்தப் பாத்தோம்.